கதவு விளக்கின் ஒயரை வெட்டாதீர்கள்

புனேயில் மழை பிடித்துவிட்டால் சில கார்களுக்கு ஒரு தொல்லை வரும். கதவுகளை நன்றாகச் சாத்தியிருப்போம். ஆனாலும் 'கதவு திறந்திருக்கிறது' என்று விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். "அந்த ஒயரை வெட்டிவிடுப்பா" என்று மெக்கானிக்கிடம் சொல்பவர்கள் உண்டு. இது ஆபத்து என்பது என் கருத்து.

ஒயர் அறுந்தால் வண்டி நிற்க வேண்டும், ஓடக் கூடாது என்பது ரயில்வேயில் நாங்கள் கற்ற பாலபாடம். 2017 டிசம்பர் 25 அன்று மும்பையில் ஓடத் தொடங்கிய ஏ.சி. லோக்கலில் கதவுகள் மூடினால்தான் வண்டி நகரும். பல கார்களில் கதை நேர்மாறு. கதவு திறந்தால் சுவிட்ச் எர்த்தைத் தொட்டு விளக்கு எரியும். ஒயரை வெட்டிவிட்டால், பின் சீட்டில் குழந்தை இருக்க, கதவு திறந்தே கிடந்தாலும் விளக்கு எரியாது.

கோளாறைக் கண்டுபிடிப்பது பெரிய வித்தையல்ல. கதவுத் தூணில் சுவிட்ச் உள்ள கார் என்றால், ஒவ்வொரு கதவாகத் திறந்து அதை விரலால் அழுத்துங்கள். விளக்கு அணைகிற இடத்தில்தான் கோளாறு. சுவிட்சின் ரப்பர் தேய்ந்திருக்கும். புதிய கார்களில் சுவிட்ச் பூட்டுக்குள்ளேயே இருப்பதால் அழுக்கும் ஈரமும் சேரும். கீல் அருகே ரப்பர் உறைக்குள் போகும் ஒயர் தேய்ந்து பாடியில் பட்டாலும் விளக்கு எரியும். பூட்டையே மாற்றச் சொன்னால், "மல்டிமீட்டர் வைத்துக் காட்டுங்கள்" என்று கேளுங்கள்.

தீபாவளிக்குக் காரிலேயே ஊருக்குக் கிளம்புபவர்கள் நம்மில் பலர். புறப்படுமுன் கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து, விளக்கு எரிகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.