பாடகரின் செவியில் சபையின் குரல் எங்கே?

தியானப் பகுதி: 2 நாளாகமம் 5:11-14



ஆராதனை வேளையில் பாடல் குழுவினர் காதில் அணியும் சிறு கருவியைக் குறித்து இரண்டு குற்றச்சாட்டுகள் விசுவாசிகளிடையே உலாவுகின்றன. அது கச்சேரி மேடையிலிருந்து வந்த உலகப் பகட்டு என்பது ஒன்று. காதை அடைத்துக்கொண்டு சபையோடு எப்படி ஆராதிக்க முடியும் என்பது மற்றொன்று. முதலாவது தவறு. இரண்டாவதோ, அதைச் சொல்லுகிறவர்கள் எண்ணுவதைக் காட்டிலும் ஆழமானது.

முதலாவதற்கு மறுமொழி சொல்லுகிறேன். ஆலயத்தின் ஒலிபெருக்கிகள் சபையை நோக்கியிருக்கின்றன. மேடையில் நிற்பவருக்கு அவற்றின் ஓசை பெரும்பாலும் பின்சுவரில் மோதித் திரும்பியே வருகிறது. ஒலி ஒரு நொடியில் ஏறக்குறைய 340 மீட்டர் செல்லும். 17 மீட்டர் தொலைவிலுள்ள சுவருக்குப் போய்த் திரும்ப, நொடியில் பத்தில் ஒரு பங்கு ஆகிவிடும். அதைக் கேட்டுப் பாடுகிறவரின் தாளம் பிந்தும். 1965 ஆகஸ்டு 15 அன்று நியூயார்க்கின் ஷே மைதானத்தில், 55,000-க்கும் அதிகமானோர் முன்பாகப் பாடிய பீட்டில்ஸ் குழுவினருக்கு, கூட்டத்தின் ஆரவாரத்தில் தங்கள் பாட்டே சரியாகக் கேட்கவில்லை. இதற்குத் தீர்வாகக் காலடியில் மானிட்டர் ஸ்பீக்கர்களை வைத்தால், ஒவ்வொருவரும் தன் ஓசையைக் கூட்டக் கேட்பார், மேடை இரையும், மைக் அந்த ஓசையையே மீண்டும் வாங்கி வீறிடும்.

செவிக்கு வரும் கேடு இன்னும் பெரிது. அமெரிக்க அரசின் தொழிலிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 85 டெசிபல் ஓசைக்கு நாளொன்றுக்கு 8 மணி நேரத்தை எல்லையாக வகுத்திருக்கிறது. ஒவ்வொரு 3 டெசிபல் உயர்வுக்கும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபலில் மிஞ்சுவது 15 நிமிடமே. 1990-களின் நடுவில் ஜெர்ரி ஹார்வி என்னும் ஒலிப் பொறியாளர், வான் ஹாலன் குழுவில் டிரம்ஸ் வாசித்த அலெக்ஸ் வான் ஹாலனின் செவி பாதிப்புற்றதைக் கண்டே அவருக்கென இன்-இயர் மானிட்டரை வடிவமைத்தார். நம் வாலிபரின் செவியைக் காக்கும் கருவியைப் பகட்டு என்று பழிக்கலாமா? அதில் ஒலிக்கும் ‘கிளிக்’ தாளமும் பாவமன்று. உடன்படிக்கைப் பெட்டிக்கு முன்பாக ஆசாபும் ஏமானும் ஏத்தானும் வெண்கலக் கைத்தாளங்களை ஒலிக்கச் செய்தார்கள் (1 நாளாகமம் 15:19). கர்த்தருடைய வீட்டில் ஒழுங்கான தாளம் புதுமையல்ல.

இப்போது இரண்டாவது குற்றச்சாட்டுக்கு வருகிறேன். இங்கே நான் பாடல் குழுவினருக்காக வாதாட மாட்டேன். நன்கு பொருந்திய இன்-இயர் வெளியோசையை 20 டெசிபலுக்கும் அதிகமாகக் குறைத்துவிடும். அதற்குள் அவரவர் குரலும் கீபோர்டும் கிளிக்கும் கேட்கும், நீங்கள் கேட்கமாட்டீர்கள். இசைத்தட்டில் பாடியவரின் உச்ச சுருதியிலேயே பாடல் தொடங்குகிறது. இரண்டாம் சரணத்தில் தாய்மாரால் எட்ட முடியவில்லை. முதியோர் வாய்மூடி நிற்கிறார்கள். மேடையிலோ எல்லாம் நிறைவாய் ஒலிக்கிறது. சபை மௌனமாகிவிட்டதைச் சபையை நடத்துகிறவர் அறியவில்லை என்றால், அவர் யாரை நடத்துகிறார்?

சபைப் பாடலைக் குறித்து வேதம் கற்பிப்பது தெளிவானது. எபேசியர் 5:19-ம் கொலோசெயர் 3:16-ம் நாம் ஒருவருக்கொருவர் பாட்டினால் பேசவும் போதிக்கவும் கட்டளையிடுகின்றன. சாலொமோனின் ஆலயப் பிரதிஷ்டையில் பூரிகை ஊதிய ஆசாரியர் மாத்திரம் 120 பேர். அவர்களும் பாடகரும் ஒரே சத்தமாய் இசைந்து துதித்தபோது ஆலயம் மேகத்தினால் நிறைந்தது. பிறர் ஓசைக்குச் செவிகொடாமல் எவராலும் ஒரே சத்தமாய் இசைய முடியாது. தன் குரலை மாத்திரம் உயர்த்திக் கேட்கிற செவி மெல்ல மெல்லத் தனக்கே பாடத் தொடங்கும்.

“சபையின் குரல் சுருதி பிசகும், தாளம் பிந்தும், எங்களைக் குழப்பும்” என்று சிலர் மறுக்கிறார்கள். மந்தை பின்தங்குவதை அறியாத மேய்ப்பன் வேகமாய் நடப்பதில் என்ன மேன்மை? சபை பிந்தினால் தாளத்தைத் தளர்த்துங்கள். எட்டாவிட்டால் சுருதியை இறக்குங்கள். வேண்டிய இடத்தில் இசைக்கருவிகளை நிறுத்திச் சபையைத் தனியே பாடவிடுங்கள்.

சிலர் சபையைக் கேட்கும்படி ஒரு காதின் கருவியைக் கழற்றிவிடுகிறார்கள். நோக்கம் நல்லது, வழி கேடானது. ஒரு செவியால் கேட்கிறவர் அறியாமலே அதில் ஓசையைக் கூட்டுவார். காக்க வந்த கருவியே செவியைக் கெடுக்கும். சரியான வழி எளிது: சபையை நோக்கி இரண்டு மைக்குகளை நிறுத்தி, அவற்றின் ஓசையைப் பாடகரின் காதுக்குள் கலந்துவிடுங்கள். பெரிய மேடைகளில் இது வழக்கமான ஏற்பாடு. வண்ண விளக்குகளுக்குப் பணம் தேடத் தெரிந்த சபை, தன் குரலைக் கேட்கச் செய்யும் இரண்டு மைக்குகளுக்கு ஏழையாயிருப்பதை நான் ஏற்கமாட்டேன்.

பிரியமானவர்களே, இனி உங்களிடம் ஒரு கேள்வி. அந்த மைக்குகள் வைக்கப்பட்டால் அவற்றில் என்ன கேட்கும்? கைகட்டி நிற்பவரின் மௌனமா? கைப்பேசியில் படம்பிடிப்பவரின் அசைவா? பாடல் குழுவைக் குறைகூறும் வாய் துதிக்கத் திறவாமலிருப்பது அதைவிடப் பெரிய குறை. குரல்வளம் இல்லை என்று சாக்குச் சொல்லாதிருங்கள். கர்த்தர் நம்மிடம் கேட்பது நொறுங்குண்ட இருதயத்தின் பலியை. வரும் ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் நிற்கும் சகோதரனுக்குக் கேட்கும்படி பாடுங்கள். பாடகரே, அவர்களுக்குச் செவிகொடுங்கள்.

ஜெபம்: கர்த்தாவே, எங்கள் வாயைத் துதிக்கும், எங்கள் செவியை ஒருவருக்கொருவரும் திறந்தருளும். எங்களை ஒரே சத்தமாய் இசைத்து, உமது மகிமையால் இந்த ஆலயத்தை நிரப்பும். இயேசுவின் நாமத்தில், ஆமென்.