பூனைக்கு பாராசிட்டமால் கொடுக்கலாமா?

நைட் 11 மணி. பூனைக்கு உடம்பு அனலா கொதிக்குது. 'நாம போடுற பாராசிட்டமால்ல கால்வாசி கொடுத்தா என்ன?' என்று தோன்றும். கொடுக்கவே கூடாது!

மருந்தின் அளவை உடல் எடை மட்டும் தீர்மானிப்பதில்லை, கல்லீரலும் தீர்மானிக்கிறது. பாராசிட்டமாலைப் பாதுகாப்பாக வெளியேற்ற உதவும் நொதி பூனைக்கு மிகக் குறைவு. அதனால் உருவாகும் நச்சு, ரத்தச் சிவப்பணுக்களைத் தாக்கும். ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் ரத்தம் திணறும். ஈறு பழுப்பாகும், முகம் வீங்கும், மூச்சு வாங்கும். ஒரே மாத்திரைகூட உயிரைப் பறிக்கலாம்.

தெரியாம கொடுத்துட்டீங்களா? விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அசிட்டைல்சிஸ்டீன் என்ற முறிவு மருந்து இருக்கிறது. சீக்கிரம் போனால்தான் பலன். மாத்திரை அட்டையையும் எடுத்துப் போங்கள்.

பூனை ஒரு குட்டி மனுஷன் இல்லைங்க. அதற்குக் காய்ச்சல் என்றால் முதல் போன் கால்நடை மருத்துவருக்குத்தான் போகணும்.