கூடத்தில் ஒரு கடல்

மெரினாவில் 1909-இல் அமைந்த மீன்காட்சியகம் ஊருக்கே பொதுவான கடல். இன்றோ அடையாறு, தி. நகர் அடுக்ககக் கூடங்களில் ஆளுக்கொரு சொந்தக் கடல். எலியட்ஸ் கடற்கரைக்கு நடந்தே போகக்கூடியவரும் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் பொட்டல உப்பைக் கரைத்துத்தான் அதைச் செய்கிறார். சாக்கடை கலந்த கரைநீரில் மீன் பிழைக்காதே!

மண்டபத்து ஆய்வுநிலையத்தார் குஞ்சு பொரிக்கக் கற்ற கோமாளிமீனை வளர்ப்பவர்மீது எனக்குப் புகாரில்லை. ஆனால் உயிர்ப்பவளம் தேடுவோரே, 2001-இல் அது புலியிருக்கும் பாதுகாப்புப் பட்டியலில் சேர்ந்தது. மன்னார் வளைகுடாவில் அதைப் பெயர்ப்பது அழகுணர்ச்சியன்று, குற்றம்.

தொட்டியில் உப்பு ஒரு கிராம் பிசகினால் பதறுகிறீர்கள். அடையாற்று முகத்துவாரம் கறுத்துக் கிடப்பதற்கு அந்தப் பதற்றத்தில் பாதியாவது வேண்டாமா?