மீன் திரும்பி வந்தது... ஆனால் ஏன் செத்துப்போனது?

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் லாங்ஃபெலோ என்றொரு சின்ன ஓடை. வீடுகளுக்கும் சாலைகளுக்கும் நடுவே ஓடுகிறது. 1990-களிலிருந்து நகர நிர்வாகமும் அக்கம்பக்கத்து மக்களும் சேர்ந்து இதைச் சீரமைத்தார்கள். குப்பையை அள்ளினார்கள். கரையில் அந்த மண்ணுக்கே உரிய மரம், செடிகளை நட்டார்கள். எல்லாம் சால்மன் மீனுக்காக!

சால்மனுக்கு ஏன் ஓடை?

சால்மன் நன்னீரில் பிறக்கும். கடலுக்குப் போய் வளரும். முட்டையிட மறுபடியும் பிறந்த ஓடையையே தேடி வரும். குளிர்ந்த தண்ணீர், முட்டையைப் புதைக்கச் சரளைக்கல், வெயில் படாமல் மரநிழல். இதெல்லாம் இருந்தால்தான் அடுத்த தலைமுறை.

மீன் வந்ததா?

வந்தது. ஆனால், மழை பெய்தால் போதும், கோஹோ வகை சால்மன்கள் தடுமாறி, வாயைப் பிளந்து, சில மணி நேரத்தில் செத்தன. பெண் மீன்களின் வயிற்றில் முட்டைகள் அப்படியே இருந்தன. சியாட்டில் வட்டார நகர ஓடைகளில், திரும்பி வந்த கோஹோக்களில் 40 முதல் 90 சதவீதம் வரை இப்படிப் போயின.

யார் குற்றவாளி?

2020 டிசம்பரில் 'சயின்ஸ்' இதழில் விடை வந்தது. டயர் சீக்கிரம் விரிசல் விடாமலிருக்க 6பிபிடி என்ற ரசாயனத்தைச் சேர்க்கிறார்கள். அது காற்றிலுள்ள ஓசோனோடு வினைபுரிந்து '6பிபிடி-குயினோன்' ஆகிறது. டயர் தேய்ந்து சாலையில் உதிரும் தூளிலிருந்து மழைநீர் இதை ஓடைக்குக் கொண்டுபோகிறது. லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராமுக்கும் குறைவாக இருந்தாலே கோஹோவுக்கு எமன்.

அப்போ, மக்கள் உழைத்தது வீணா?

இல்லவே இல்லை. ஓடையைச் சரிசெய்ததால்தான் மீன் வந்தது. மீன் வந்ததால்தான் சாவு கண்ணில் பட்டது. இன்றும் இலையுதிர் காலத்தில் தன்னார்வலர்கள் ஓடையோரம் நடந்து, செத்த மீன்களைக் கணக்கெடுக்கிறார்கள். சாலை நீரை மணலும் மக்கிய உரமும் கலந்த மண் வழியாக வடியவிட்டால் கோஹோ பிழைத்துக்கொள்கிறது என்பதையும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அப்படி ஒரு மழைத்தோட்டத்தைத் தெருவாசிகளே அமைக்கலாம்.

ஆனால் டயரில் என்ன கலக்க வேண்டும் என்பதைத் தெருவாசிகள் முடிவு செய்ய முடியாது. 2023-ல் யூரோக், புயாலப், போர்ட் கேம்பிள் ஸ்க்லாலம் பழங்குடிகள் மனு கொடுத்த பிறகே அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இதை ஒழுங்குபடுத்தும் நடவடிக்கையைத் தொடங்கியது. அதே ஆண்டு கலிஃபோர்னியா, டயர் நிறுவனங்களை மாற்று வழி தேடச் சொன்னது. டயரின் பாதுகாப்புக்கு 6பிபிடி தேவைப்படுவதால் உடனே நீக்குவது சுலபமில்லைதான். அதற்காகத் தேடலை இழுத்தடிப்பது நியாயமில்லை.

வார இறுதியைத் தியாகம் செய்து சேற்றில் இறங்கியவர்கள் தங்கள் பங்கைச் செய்துவிட்டார்கள். கரையில் மரம் நடுவதை மக்களிடம் விட்டுவிட்டு, தண்ணீரில் கலப்பதைப் பற்றி அரசும் தொழில்துறையும் மௌனமாக இருந்தால், அது சீரமைப்பு இல்லை. மீனை வரவழைத்துக் கொல்வது.