நுரைக்கு விழிப்புணர்வு முகாமா?

கிராமத்து மக்களுக்குச் சுற்றுச்சூழல் விழிப்புணர்வு போதாதாம். ஓசூர் வட்டாரம் கெட்டதற்கு அதுதான் காரணமாம். சொல்கிறவர்கள் கெலவரப்பள்ளி அணைப்பக்கம் ஒருமுறை வந்துவிட்டுச் சொல்லட்டும்.

மழைக்காலத்தில் மதகைத் திறந்தால் தென்பெண்ணையில் தண்ணீரோடு வெள்ளை நுரையும் மலைபோல் வருகிறது. தரைப்பாலத்தை மூடிக்கொண்டு நிற்கிறது, நாற்றம் வேறு. எந்த உழவர் வீட்டுச் சாக்கடையிலும் பொங்கிய நுரையல்ல அது. பெங்களூரின் கழிவுநீர் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளை நிறைத்து, ஆற்றில் இறங்கி, மாநில எல்லை தாண்டி வருகிறது. 2017இல் பெல்லந்தூர் ஏரி தீப்பற்றியே எரிந்தது. அந்த ஏரியைச் சுற்றி அடுக்குமாடிகளும் மென்பொருள் நிறுவனங்களும்தான். விழிப்புணர்வுக்கு அங்கென்ன பஞ்சம்?

ஊரில் குறையே இல்லை என்று வாதாட வரவில்லை. இலவச மின்சாரத்தில் ஆழ்துளைக் கிணற்று மோட்டார் ஓடுகிறது. பசுமைக்குடில் ரோஜாவுக்கு மருந்தும் தாராளம். ஆனால் ஆற்றுநீரை நம்ப முடியாதவர் வேறெதை நம்புவார்?

நுரையோடு முடிந்துவிடவில்லை; காட்டோரத்துத் தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் போங்கள். கேழ்வரகு கதிர் முற்றும்போது யானைகள் இறங்கும். இரவெல்லாம் காவல், விடிவதற்குள் வயல் போவதும் உண்டு, உயிர் போவதும் உண்டு. காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயம் 2022இல் அறிவிக்கப்பட்டது. நல்லதுதான். அந்தக் காட்டைக் காக்கும் செலவில் ஒரு பங்கைக் கேழ்வரகு விவசாயி கட்டுகிறார், ரசீது இல்லாமல். அவருக்கு வகுப்பெடுக்கக் கிளம்பும் வண்டி, முதலில் அத்திப்பள்ளி சுங்கச்சாவடியைத் தாண்டி வடக்கே பெங்களூருக்குப் போகட்டும்.