தானம் கொடுத்த மாடா இது?

போன வியாழக்கிழமை அய்யலூர் சந்தைக்குப் போயிருந்தேன். பேரனுக்குக் காதுகுத்து வருகிறது, கிடா பார்க்க வேண்டியிருந்தது. என் பக்கத்தில் நின்றவர் ஒரு கிடாவின் வாயைத் திறந்து பல்லை எண்ணினார். முதுகைத் தடவினார், இடுப்பை அழுத்தினார், இரண்டு கையாலும் தூக்கி எடை மதித்தார். "ரெண்டு பல்லுன்னு சொன்னீங்க, நாலு பல்லு இருக்கே?" என்று கேட்டார். விற்கிறவருக்குக் கோபம் வரவில்லை. "பாத்துத்தானண்ணே வாங்கணும்" என்று சிரித்தார். விலையில் ஐந்நூறு ரூபாய் இறங்கியது.

பன்னிரண்டாயிரம் ரூபாய்க் கிடாவுக்கு இத்தனை சோதனை. இதே மனிதர் நாளைக்கு எட்டு லட்ச ரூபாய் கார் வாங்கப் போனால் என்ன செய்வார்? மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டு, ஏசி அறையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, நீட்டிய காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவார். கேலி செய்யவில்லை. நானே அப்படித்தான் வந்தேன்.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்று பெரியவர்கள் சொல்வார்கள். சரிதான், அது தானம். ஷோரூமில் யாரும் நமக்குத் தானம் கொடுக்கவில்லை. பிறகு ஏன் அங்கே மட்டும் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூச்சப்படுகிறோம்?

நான் ஓய்வு பெற்றது 2013-ல். வந்த பணத்தில் முதன்முதலாக ஒரு கார் வாங்கினேன். "ஆன் ரோடு எவ்வளவு?" என்று கேட்டேன், ஒரு தொகை சொன்னார்கள். "கொஞ்சம் குறைச்சுக்கோங்க" என்றேன். மேனேஜர் உள்ளே போய் வந்து, "அய்யாவுக்காக ஐயாயிரம்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. வண்டி எடுத்த அன்று மாலை போட்டார்கள், ஒரு ஆள் உயர அட்டைச் சாவியைக் கையில் கொடுத்துப் போட்டோ எடுத்தார்கள். பூட்டுக்குப் பேர் போன ஊர்க்காரன் நான், ஒரு அட்டைச் சாவிக்கு மயங்கினேன்.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி பில்லை வாங்கிப் படித்தார். மளிகைக் கடைச் சிட்டையையே வரிவரியாகக் கூட்டிப் பார்க்கிறவர். "என்னங்க, ஹேண்ட்லிங்னு ஆறாயிரம் போட்டிருக்கே, அது என்ன? இந்த மிதியடி, சீட் கவர் எல்லாம் நீங்க கேட்டீங்களா?" என்றார். என்னிடம் பதில் இல்லை. ஐயாயிரம் குறைத்தவர்கள் அதற்கு மேலே எவ்வளவு ஏற்றியிருந்தார்கள் என்று அன்று இரவுதான் கணக்குப் போட்டேன். கணக்கை முடித்தபோது பணம் போனதைவிட, முப்பத்தைந்து வருடம் அரசாங்கக் கோப்புகளைச் சரிபார்த்தவன் சொந்தக் காகிதத்தைப் படிக்கவில்லையே என்பதுதான் உறுத்தியது.

ஏன் இப்படி ஆனோம் என்று யோசித்திருக்கிறேன். நம் தலைமுறை வண்டி வாங்கிய விதம் அப்படி. பஜாஜ் ஸ்கூட்டருக்குப் பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தோம். எனக்கு 1979-ல் பதிந்தது 1986-ல்தான் கிடைத்தது. வெளிநாட்டில் சொந்தக்காரர் இருந்து அந்நியச் செலாவணியில் பணம் கட்டினால் சீக்கிரம் வரும். இல்லாதவர்கள், ஏற்கெனவே ஒதுக்கீடு கிடைத்தவரிடம் மேற்கொண்டு பணம் கொடுத்து வாங்கினார்கள். அந்தக் காலத்தில் ஏஜென்சிக்காரர் வண்டி கொடுத்தாலே பெரிய உபகாரம். கும்பிட்டு வாங்கினோம்.

அந்த வரிசை கலைந்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. இன்று வண்டிதான் நமக்காகக் காத்து நிற்கிறது, விற்காமல் நிற்கும் ஒவ்வொரு நாளும் வட்டி ஏறுவது விற்கிறவருக்கு. நாம் மட்டும் இன்னும் கும்பிட்டபடியே நிற்கிறோம்.

நண்பர்களே, "கொஞ்சம் குறைச்சுக்கோங்க" என்பது பேரம் இல்லை, யாசகம். ஆன் ரோடு விலை என்று ஒரே தொகையாக ஒத்துக்கொண்ட நிமிடமே நாம் தோற்றுவிட்டோம். அந்தத் தொகையைப் பிரித்து, வரிவரியாக எழுதித் தரச் சொல்ல வேண்டும். அதில் சில வரிகள் யார் கேட்டாலும் மாறாதவை, சில வரிகள் நாம் கேட்டால் மாறுபவை.

மாறாதது ஆயுள் வரி. தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து காரின் விலை 5 லட்சம் வரை 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. இதில் பேரம் கிடையாது. ஆனால் படிக்க வேண்டியது இருக்கிறது. 9 லட்சத்து 95 ஆயிரம் விலையுள்ள காருக்கும் 10 லட்சத்து 5 ஆயிரம் விலையுள்ள காருக்கும் வித்தியாசம் பத்தாயிரம்தான். வரியில் மட்டும் வித்தியாசம் 50 ஆயிரத்தைத் தாண்டும். "இன்னும் பத்தாயிரம் போட்டா அடுத்த மாடல் சார்" என்று சொல்கிறவர் இதைச் சொல்வதில்லை. விலை 10 லட்சத்தைத் தாண்டினால் 1 சதவீதம் டிசிஎஸ் பிடிப்பார்கள். அது நம் பேரில் கட்டப்படும் வருமான வரி. கணக்குத் தாக்கல் செய்து கழித்துக்கொள்ளலாம், வரி கட்ட வேண்டாதவர்கள் திரும்ப வாங்கலாம். ஓய்வூதியக்காரர்கள் எத்தனை பேர் கேட்டு வாங்குகிறோம்?

மாறுவதில் முதலாவது இன்ஷூரன்ஸ். புதுக் காருக்கு மூன்று வருட மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். அதன் பிரீமியம் அரசு அறிவிப்பது, எங்கே எடுத்தாலும் ஒன்றே. நம் வண்டிக்கான சேதக் காப்பீடுதான் கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும். அதை ஷோரூமில்தான் எடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. பழைய காரில் ஐந்து வருடம் கிளெய்ம் செய்யாமல் இருந்திருந்தால் சேதக் காப்பீட்டில் 50 சதவீதச் சலுகை உங்களுக்கு உரியது. அது காரோடு போவதில்லை, உங்களோடு வரும். பழைய காரை விற்ற பிறகும் புதுக் காருக்கு மாற்றிக்கொள்ளலாம். நாம் கேட்காவிட்டால் யாரும் எடுத்துத் தர மாட்டார்கள்.

அடுத்தது ஹேண்ட்லிங், லாஜிஸ்டிக்ஸ் என்று வேறு வேறு பெயரில் வரும் கட்டணம். ஷோரூம் விலை என்றால் ஷோரூமில் வண்டி கிடைக்கிற விலை என்றுதானே அர்த்தம்? கடையில் அரிசி வாங்கினால், லாரியிலிருந்து மூட்டை இறக்கிய கூலியைத் தனியாகக் கொடுப்போமா?

பிறகு கடன். "மாசம் எவ்வளவு கட்ட முடியும் சார்?" என்று கேட்டால் பதில் சொல்லாதீர்கள். 6 லட்சம் கடன், 9 சதவீத வட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து வருடத்துக்கு மாதத் தவணை சுமார் 12,455. ஏழு வருடம் ஆக்கினால் 9,653. குறைந்த மாதிரி இருக்கிறது. மொத்தமாகக் கட்டுவது 63 ஆயிரம் கூடுகிறது. தவணையைப் பேசுகிறவர் விலையைப் பேசுவதில்லை.

கடைசியாகப் பல். ரெண்டு பல்லா நாலு பல்லா என்பதைப்போல, வண்டி எந்த மாதம் செய்தது என்று கேளுங்கள். ஆர்சி புத்தகத்தில் அது அச்சாகி வரும், நாளைக்கு விற்கும்போது வாங்குகிறவர் முதலில் பார்ப்பது அதைத்தான். நம் ஆட்கள் மார்கழியில் வண்டி எடுக்க மாட்டார்கள், தை பிறந்ததும் ஓடுவார்கள். அப்போது வருடக் கடைசியில் தங்கிப்போன பழைய வருட வண்டியும் புது மாலையோடு நிற்கும். அதை வாங்கக்கூடாது என்று சொல்லவில்லை. ஒரு வயது கூடிய மாட்டுக்கு அதற்கேற்ற விலை கேளுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது, அதோடு இருந்த செஸ்ஸும் போனது. அதற்கப்புறம் நாங்கள் போன ஒரு கடையில், "உங்களுக்காக இவ்வளவு குறைச்சிருக்கோம் சார்" என்று அந்த வரிக்குறைப்பையே தள்ளுபடியாகக் காட்டினார்கள். அரசாங்கம் விட்டுக்கொடுத்ததற்கு இவருக்கு எதற்கு நன்றி?

நாங்கள் போனது என் மகனுக்காக. அந்தக் கார்த்திகையில் அவன் கார் வாங்கினான். இங்கே ஒரு ஷோரூமிலும் மதுரையில் ஒன்றிலும் ஒரே மாடலுக்கு விலையை எழுதி வாங்கினோம். இரண்டு காகிதத்தையும் மேஜைமேல் வைத்து நான் ஒவ்வொரு வரியாகக் கேட்க, மகன் காதருகே குனிந்து, "அப்பா, மானத்த வாங்காதீங்க. லட்சக்கணக்குல போடறோம், ஏழாயிரத்துக்குப் போயா?" என்றான். அவனை வெளியே போய்க் காப்பி குடித்துவிட்டு வரச் சொன்னேன். முக்கால் மணி நேரம் ஆனது. இன்ஷூரன்ஸில் 13,000, ஹேண்ட்லிங்கில் 7,500, கேட்காத சாமான்களில் 9,000, தள்ளுபடியில் இன்னும் 8,500. ஆக 38,000 ரூபாய். ஒருவரும் குரலை உயர்த்தவில்லை.

விற்பனைப் பையனிடம் நான் பேரம் பேசவில்லை. பாவம், மாதக் கணக்குக் காட்டினால்தான் அவனுக்குச் சம்பளம் முழுதாக வரும், விலையைக் குறைக்கும் அதிகாரமும் அவன் கையில் இல்லை. அதிகாரம் உள்ளவரை வரச் சொல்லி அவரிடம் பேசினேன். பிடுங்குவது பேரம் இல்லை, பட்டியலைப் படிப்பதுதான் பேரம்.

"இப்படி நெருக்கினால் நாளைக்கு சர்வீஸில் கை வைப்பார்கள்" என்று ஒரு நண்பர் பயமுறுத்தினார். வாரன்டி கொடுப்பது கம்பெனி. அந்தக் கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற எந்த சர்வீஸ் மையத்திலும் வண்டியை விடலாம். காசு கொடுக்கும்போதே பயந்தால், கொடுத்த பிறகு தைரியம் எங்கிருந்து வரும்?

இது பணக்காரர்களின் பிரச்சினை என்று நினைக்காதீர்கள். இப்போது கார் வாங்க வருகிறவர்களில் நம்மைப் போல் பி.எப்., கிராஜுவிட்டி பணத்தோடு வருகிறவர்கள் நிறையப் பேர். திரும்பச் சம்பாதிக்க முடியாத பணம் அது. அதில் 38,000 என்பது எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கும் ஒரு வருடத்துக்கு மேல் மருந்துச் செலவு.

அடுத்த முறை உங்களில் யாராவது ஷோரூமுக்குப் போனால், பில்லை வரிவரியாகப் படிக்கும் ஒருவரைக் கூட அழைத்துப் போங்கள். வீட்டிலேயே இருப்பார். 2013-ல் நான் என் மனைவியை அழைத்துப் போகவில்லை, "உனக்கு அங்கே என்ன தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போனேன். அந்த ஆறாயிரத்தில் பாதி அந்த வார்த்தைக்குக் கொடுத்த அபராதம்.