ஒரு குடும்பம் கொடுத்த ரத்தம்
பார்க்கின்சன் என்றதும் ‘இது பரம்பரையாக வருமா டாக்டர்?’ என்றுதான் வீட்டார் கேட்கிறார்கள். பெரும்பாலான நோயாளிகளிடம் இந்த மரபணுதான் காரணம் என்று ஒன்றைக் கைகாட்ட முடியாது. ஆனாலும் தென் இத்தாலியின் கோன்டூர்சி ஊரில் வேர்விட்ட ஒரு பெருங்குடும்பத்துக்கு நாம் எல்லோரும் கடன்பட்டிருக்கிறோம். தலைமுறை தலைமுறையாக, பலருக்கு ஐம்பது வயதுக்குள்ளேயே, கைநடுக்கமும் உடல் இறுக்கமும் கண்ட குடும்பம் அது. அவர்கள் கொடுத்த ரத்தத்தில்தான் 1997இல் அந்தப் பிழை பிடிபட்டது: நான்காம் குரோமோசோமில் ஓர் எழுத்து மாறி, ஆல்ஃபா சைநியூக்ளின் புரதத்தின் 53ஆம் இடத்தில் அலனின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் திரியோனின். அதே ஆண்டில், குடும்பத்தில் வேறு யாருக்கும் இந்நோய் வராத நோயாளிகளின் மூளையிலும் இதே புரதம் லூயி திரள்கள் எனப்படும் கட்டிகளாகக் கிடப்பது தெரிந்தது. அரிய மரபணுப் பிழைகளை ஆராய்வது வீண்செலவு என்போருக்கு இதைத்தான் காட்டுவேன். இன்று இந்தப் புரதத்தைக் குறிவைக்கும் மருந்துகள் சோதனையில் இருக்கின்றன. அவற்றை எதிர்பார்த்திருப்போரில் மிகப் பெரும்பாலோருக்கு அந்த எழுத்துப்பிழை கிடையாது.